கீழ்ப் பதினொன்று

ஓசூரிலிருந்து வந்த பொறியாளர் நிலோஃபர்
எட்டு மாதிரிகளை எங்கள் முன் வைத்தாள்.
நத்தைக்கூடு போல் சுழன்று ஏறுவது ஒன்று.
சுவரை மட்டும் பிடித்துக்கொண்டு
பலகைகள் அந்தரத்தில் நிற்பது ஒன்று.
"இதில் ஏறினால் கீழே நிற்பவனுக்கு
என் பாவாடை தெரியும்" என்றேன். மூடிவிட்டாள்.

கருங்கல் நாட்டில் யாராவது
மரத்தில் படி வைப்பார்களா என்று
பர்கூர் மச்சான் கேட்டார்.
ஆலையில் மாங்கூழ் சிந்திய கல்லில்
வழுக்கி விழுந்தவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு
வேறு யாரும் அதைப் பேசவில்லை.

கடைசி மாதிரி:
நடுக்கூடத்தில் ஒன்றாய்க் கிளம்பி
பாதி உயரத்தில் ஒரு மேடையில் நின்று
இடமும் வலமுமாய்ப் பிரிவது.
முனிரத்தினம் காலையில் அதைக் காட்டினார்.
சிகாமணி மாலையில் அதையே காட்டினார்.
நான்கு மாதமாய் அண்ணனும் தம்பியும்
ஒத்துப்போன ஒரே விஷயம்.

(நாற்பது டிரம் எந்தக் கணக்கில் போனது
என்பதை இங்கே எழுதப்போவதில்லை.
காவேரிப்பட்டணம் முழுக்கத் தெரியும்.)

இருவரும் ஒரே காரில் ஏறமாட்டார்கள் என்பதால்
மரம் பார்க்க எங்களை அனுப்பினார்கள்,
என்னையும் ஓரகத்தி ஹேமாவதியையும்.

கிருஷ்ணகிரியில் படேல் மரக்கடை.
மரத்தூள் மூக்கில் ஏறி
ஹேமா தும்மிக்கொண்டே நடந்தாள்.
நிலம்பூர்த் தேக்கின் விலையைப் படேல்
காதோடு சொன்னார்,
உறவில் யாருக்கோ வந்த நோயைச் சொல்வதுபோல.
கானா தேக்கு வெளிறிக் கிடந்தது.
வேங்கையை ஈரக்கையால் தொடாதீர்கள்,
மஞ்சள் பிடிக்கும் என்றார்.
"மாமரம்?" என்று கேட்டேன்.
மூன்று தலைமுறையாய் அதைத்தானே தின்கிறோம்.
"வண்டு வைக்கும்மா. பெட்டிக்குத்தான் ஆகும்."
ஹேமா சிரித்தாள்.
என்னைப் பார்த்துச் சிரித்தாளா,
அவள் சிரித்த பக்கம் நான் நின்றேனா, தெரியவில்லை.

வெட்டுமுகத்தில் சிவப்பு பெயின்ட்டில் எண் போட்ட
ஒரு தேக்கு அடிமரம்.
தேங்காய் வாங்குகிறவள் மாதிரி
விரல்முட்டியால் தட்டினாள் ஹேமா.
"இந்த ஒரே மரத்தில் எத்தனை படி வரும்?"
படேல் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.
ஐந்தடி அகலம் என்றால் ஏழு.
மூன்றடி என்றால் பதினொன்று.

அவள் வரைபடத்தை மடியில் விரித்து
லாபம், நஷ்டம், லாபம் என்று விரலால் ஏறினாள்.
மேடை வரை பதினொன்று, லாபம்.
அங்கிருந்து அவரவர் பக்கம் எட்டு.
தனியே எண்ணினால் இரண்டு பக்கமும்
நஷ்டத்தில் போய் நிற்கிறது.
மறுபடி தரைக்கு வந்து ஏறினாள். பத்தொன்பது.
"கீழேயிருந்தே எண்ணிக்கலாம்" என்றாள்.
அதற்குமேல் அவள் பேசவில்லை.
நான் போனை எடுத்தேன்.

"அவ்வளவு பெரிய கூடத்தில் மூன்றடிப் படியா மேடம்?
எதிரெதிரே வந்தால் ஒருத்தர் ஒதுங்கணுமே."
"ஒதுங்கட்டும்."
"ரெண்டு பேரும் ஒதுங்கலைன்னா?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
"பீரோ ஏறாது."
"பால்கனி வழியா கயிறு கட்டி ஏத்திக்கிறோம்."
"சார் கேட்டா?"
"மரம் அவ்வளவுதான் இருந்துச்சுன்னு சொல்லு."

முன்பணம் ஆளுக்குப் பாதி கொடுத்தோம்.
அறுக்கும்போது கூப்பிடுங்கள்,
ஒரு துண்டுகூட மாறக்கூடாது என்று
படேலிடம் இரண்டு முறை சொன்னேன்.

திரும்பும் வழியில் பாலிஷுக்காகச் சண்டை.
அவளுக்கு வால்நட் நிறம் வேண்டும்.
எனக்கு மரம் மரமாக இருந்தால் போதும்.
காசு போட்டுத் தேக்கு வாங்கி
அதை வேறொரு மரமாக்குவானேன் என்றேன்.
உங்களுக்கு எதுவுமே பிடிக்காது என்றாள்.
அவரவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.
டிரைவர் பாட்டைப் போட்டார், உடனே அணைத்தார்.

தென்பெண்ணைப் பாலத்தில்தான் கவனித்தேன்.
தும்மித் துடைத்த கையோடு
வேங்கையைத் தொட்டிருக்கிறாள்.
நான்கு விரலிலும் மஞ்சள்.
நான் சொல்லவில்லை.
வீட்டுக்குப் போய் அவளே பார்க்கட்டும்.